தீக்கு அணை போடும் இரசாயனம்

டில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் காப்பிப்பொடியும் நினைவுக்கு வரும்போதெல்லாம் நம் கால்கள் தாமாகவே அங்கே செல்கின்றன. இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த இடத்துக்கு, 1942இல் அப்படையை முதலில் அமைத்த ஜெனரல் மோகன் சிங்கின் பெயரும் வழங்குகிறது. குறுகிய சந்துகள், மீன் வாடையும் மசாலா மணமும் கலந்த காற்று, தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள். இந்தக் கம்பிகளை நான் பல ஆண்டுகள் கண்டும் காணாதவனாகவே நடந்திருக்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு முன் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கப் போனபோது, மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மின்சாமான் கடையில் வயர்ச் சுருள் ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் முதிய பஞ்சாபியர். "பேட்டா, எஃப்.ஆர். போதுமா, எஃப்.ஆர்.எல்.எஸ். வேண்டுமா?" என்று இந்தியில் கேட்டார். நான் இரசாயனம் படிக்கும் மாணவன். ஆயினும், அந்த எழுத்துக்களுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். விலை கூடியதே நல்லதாயிருக்கும் என்று எண்ணி, நான்கெழுத்து வயரை வாங்கி வந்தேன். பிறகு நூலகத்தில் அமர்ந்து அவ்வெழுத்துக்களின் பொருளைத் தேடினேன். தேடிக் கண்டதை அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த வயரை வாங்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மார்கழி இரவு

டில்லிக் குளிர் தென்னாட்டு உடம்பைப் படுத்தும் பாடு யாவரும் அறிந்ததே. நானும் என் அறைத் தோழனும் 2000 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். எங்கள் வாடகை அறையில் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இல்லை. ஆகவே நடைபாதையில் மலிவாகக் கிடைத்த ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டில் மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகி, அதில் ஹீட்டரை மாட்டினோம். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வரும். போர்டு தாங்குவதோ 6 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகையால் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டும். இந்தக் கணக்கைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். என் அறையில் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை!

நள்ளிரவுக்குப் பின் தோழன் என்னை உலுக்கினான். "டேய், எழுந்திருடா! ஏதோ கருகுது." கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மூச்சை உள்ளே இழுக்கவே முடியவில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இருவரும் வெளியே வந்து இருமிக்கொண்டு நின்றோம். சிறிது நேரம் கழித்து டார்ச் விளக்குடன் உள்ளே போனோம். போர்டின் ஒரு முனை உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. வயரின் உறை ஒரு முழ நீளம் கருகியிருந்தது. ஆனால் அருகிலேயே கிடந்த பஞ்சு மெத்தை பற்றவில்லை. சுடர் எழவேயில்லை.

சுடர் ஏன் எழவில்லை? சுடரே எழாத இடத்தில் அத்தனை கொடிய புகை ஏன் எழுந்தது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

தீ என்பது யாது?

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் சுடராக எரிவது விறகன்று. சூட்டினால் விறகிலிருந்து கிளம்பும் ஆவியே எரிகிறது. மெழுகுவர்த்தியிலும் அப்படித்தான். மெழுகு உருகித் திரியில் ஏறி, ஆவியாகி, பிராணவாயுவுடன் சேர்ந்து எரிகிறது. அந்தச் சூடு மேலும் மெழுகை உருக்குகிறது. பாலித்தீன் என்னும் பிளாஸ்டிக், அணுக்கட்டமைப்பில் மெழுகின் நெருங்கிய உறவினன். கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து நிற்க, அவற்றைச் சுற்றி ஹைட்ரஜன் அணுக்கள் அமைந்ததே இரண்டும். பாலித்தீனில் சங்கிலி மிக நீளம், அவ்வளவே. பாலித்தீன் பை மெழுகுபோல் சொட்டிச் சொட்டி எரிவதன் காரணம் இதுவே.

சுடருக்குள் நடப்பது யாது? ஹைட்ரஜன் அணுக்களும், ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்த ஹைட்ராக்சில் என்னும் துண்டுகளும் அங்கே தனித்து அலைகின்றன. கட்டவிழ்ந்த காளைகளைப் போன்ற இவை, எதிர்ப்பட்ட மூலக்கூறுகளை முட்டி உடைத்து, மேலும் பல காளைகளை அவிழ்த்துவிடுகின்றன. இந்த ஓயாத தொடர்வினையே சுடர். ஆகவே தீயைத் தடுக்க விரும்புவோர் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: காளைகளைப் பிடித்துக் கட்டலாம், வெப்பத்தைத் தணிக்கலாம், ஆவி வெளிவரும் வாயிலை அடைக்கலாம். பிளாஸ்டிக்கில் கலக்கும் தீத்தடுப்புப் பொருள்கள் யாவும் இம்மூன்று வழிகளுள் ஒன்றையோ பலவற்றையோ கைக்கொள்கின்றன.

மூன்று வழிகள்

முதல் வழி, காளைகளைக் கட்டுவது. குளோரின், புரோமின் ஆகிய உப்பீனித் தனிமங்கள் இதில் வல்லவை. புரோமின் கலந்த பிளாஸ்டிக் சூடேறினால் ஹைட்ரஜன் புரோமைடு என்னும் வாயு கிளம்பும். அது சுடருக்குள் புகுந்து, அலையும் ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சிலையும் பிடித்து, ஹைட்ரஜன் வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றி அடக்கிவிடும். ஆண்டிமனி டிரையாக்சைடு என்னும் வெண்பொடியைக் கூடச் சேர்த்தால் இதன் வலிமை பெருகும். தனியே அதற்குப் பெரிய ஆற்றல் இல்லை. உப்பீனியுடன் கூடினால்தான் ஆவியாகிச் சுடருக்குள் செல்லும். புரோமினை 1826இல் பிரெஞ்சு விஞ்ஞானி பலார், மோம்பெலியே நகரத்து உப்பள நீரில் கண்டறிந்தார். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில், உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து இதை எடுக்கிறார்கள்.

இரண்டாவது வழி, வெப்பத்தைத் தணிப்பது. அலுமினியம் ஹைட்ராக்சைடு பார்வைக்கு உலர்ந்த வெண்பொடி. ஆனால் அதன் எடையில் 100க்கு 34 பங்குக்கு மேல் நீராக வெளிவரக் காத்திருக்கிறது. ஏறத்தாழ 200 பாகை சென்டிகிரேடில் அந்த நீர் ஆவியாக வெளியேறி, வெப்பத்தை உறிஞ்சி, எரியும் வாயுவை நீர்க்கச் செய்கிறது. மக்னீசியம் ஹைட்ராக்சைடு இன்னும் உயர்ந்த சூட்டில், 300 பாகையைத் தாண்டி, இதே வேலையைச் செய்யும். பிளாஸ்டிக்கின் வயிற்றுக்குள் தண்ணீர்க் குடத்தை ஒளித்துவைத்தாற் போன்றது இது. அலுமினியம் ஹைட்ராக்சைடு, பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும் பாதையில் நடுவே கிடைக்கும் பொருள். நம் ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. இவ்வழியில் குறை ஒன்றுண்டு. பலன் தெரிய வேண்டுமானால் பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேலும் இப்பொடியைக் கலக்க வேண்டும். மாவில் தவிட்டை மிகுதியாகக் கலந்தால் ரொட்டி விண்டுபோகும் அல்லவா? அதுபோல் பிளாஸ்டிக்கின் வலிமையும் வளையும் தன்மையும் குறைகின்றன.

மூன்றாவது வழி, வாயிலை அடைப்பது. பாஸ்பரஸ் சேர்மங்கள் சூட்டில் அமிலமாகி, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரியாக்குகின்றன. அடிப்பிடித்த கரி பாத்திரத்தைப் பற்றிக்கொள்வதுபோல் இந்தக் கரி ஓடாக மூடிக்கொண்டு, உள்ளிருக்கும் ஆவி வெளியே வராமலும் வெளிச்சூடு உள்ளே போகாமலும் காக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸ். தீ பிறப்பது அதனால்தான். அதே சிவப்பு பாஸ்பரஸை நைலானில் கலந்தால் அது தீயைத் தடுக்கும்! அன்றியும், தீக்குச்சியின் மரத்தை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பது தீப்பெட்டித் தொழிலின் பழைய முறை. அணைத்தபின் குச்சி கனன்றுகொண்டிராமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். ஒரே பொருள் சேரும் இடத்தால் நண்பனும் பகைவனும் ஆகிறது.

இவ்வித்தை புதியதன்று. படிக்காரமும் வெண்காரமும் கொண்டு துணியைத் தீயிலிருந்து காக்கும் முறைக்கு 1735இல் இங்கிலாந்தில் வைல்டு என்பவர் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் 1821இல் அம்மோனியம் பாஸ்பேட், வெண்காரம் முதலியவற்றால் சணலையும் லினன் துணியையும் காக்கும் வழியை வெளியிட்டார். எண்ணெய் விளக்குகளும் மெழுகுவர்த்திகளும் எரிந்த அந்நாளைய நாடகக் கொட்டகைகளில் திரைச்சீலைகள் பற்றிக்கொள்வது பெரும் அச்சமாக இருந்தது. பிளாஸ்டிக் யுகம் பிறந்ததும் அந்தப் பழைய கலை ஆலைத் தொழிலாயிற்று.

எரியாத பொருளின் புகை

இனி என் அறைக் கதைக்கு வருகிறேன். வயரின் உறை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். தூய பி.வி.சி.யின் எடையில் 100க்கு 57 பங்கு குளோரினே. ஆகவே தீத்தடுப்புப் பொருள் அதன் உடம்பிலேயே அமைந்திருக்கிறது. உறை மென்மையாக வளைவதற்காக எண்ணெய் போன்ற பொருள்களைக் கலக்கும்போது இத்தன்மை குறைகிறது. குறைந்ததை ஈடுசெய்ய ஆண்டிமனி டிரையாக்சைடு முதலியவற்றைச் சேர்க்கிறார்கள். அவ்வாறு தீயைத் தாங்கும்படி செய்த வயரே எஃப்.ஆர்., அதாவது 'ஃபிளேம் ரிட்டார்டன்ட்'.

எங்கள் அறையில் சுடர் எழாததற்குக் காரணம் அந்தக் குளோரின். ஆனால் சூடேறிய பி.வி.சி. குளோரினை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகவே வெளியே விடுகிறது. அது கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம்! எங்களைக் காத்ததும் குளோரின். எங்கள் மூச்சை அடைத்ததும் குளோரின். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்றேனே, அது இதுதான்.

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. அதைக் கேட்டே வளர்ந்த நாம் நெருப்புக்கு அஞ்சுகிறோம், புகைக்கு அஞ்சுவதில்லை. ஐ.என்.ஏ. நிலையத்திலிருந்து மெட்ரோவில் இரண்டே நிலையங்கள் சென்றால் கிரீன் பார்க். அங்கே உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று பிற்பகல் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீ அங்கு நிறுத்தியிருந்த கார்களுக்குப் பரவியது. புகை மாடிப்படி வழியே மேலேறி பால்கனியை நிறைத்தது. 59 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் துன்புற்றனர். மாண்டவர்களைக் கொன்றது சுடரன்று, மூச்சுத்திணறலே. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் செம்பொருளைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வது.

இதற்கு நேர்மாறான காட்சி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் எதிரிலேயே உண்டு. டில்லி ஹாட்டில் 2025 ஏப்ரல் 30 இரவு தீப்பற்றி இருபதுக்கு மேற்பட்ட கைவினைக் கடைகள் எரிந்தன. கைவினைஞர்களின் முதல் சாம்பலாயிற்று. ஆனால் உயிர்ச்சேதம் இல்லை. அது திறந்தவெளிச் சந்தை. புகைக்கு வானம் இருந்தது. மக்களுக்கு வெளியேற இடம் இருந்தது. மூடிய மாடத்தில் அந்த இரண்டும் இல்லை.

அங்ஙனமாயின் தீத்தடுப்புப் பொருளால் பயனே இல்லையா? உண்டு. 1988இல் அமெரிக்கத் தேசியத் தர நிலையத்தார் டெலிவிஷன் பெட்டி, நாற்காலி, கேபிள் முதலிய ஐந்து வகைப் பொருள்களை, தடுப்புப் பொருள் சேர்த்தும் சேர்க்காமலும் எரித்துப் பார்த்தனர். சேர்த்த பொருள்கள் எரிந்த அறையிலிருந்து தப்பிக்கக் கிடைத்த நேரம் 15 மடங்குக்கு மேல் இருந்தது. லண்டன் கிரென்ஃபெல் மாளிகையில் 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைக் கொள்ளைகொண்ட தீ பரவியதற்கு, சுவரின் புறத்தே பதித்த தகடுகளுக்குள் இருந்த பாலித்தீன் முதன்மைக் காரணம். கனிமப் பொடி கலந்த தீத்தடுப்புத் தகடும் அப்போது விற்பனையில் இருந்தது. ஆகவே இப்பொருள்கள் நமக்குத் தருவது யாது? சில நிமிடங்கள். உறங்குபவன் விழிக்கவும், குழந்தையைத் தூக்கவும், கதவைத் திறக்கவும் போதுமான நிமிடங்கள். அதற்கு மேல் அவற்றால் ஆவதில்லை.

இப்போது அந்த நான்கெழுத்துக்கு வருவோம். எல்.எஸ். என்பது 'லோ ஸ்மோக்', குறைந்த புகை. இவ்வகை வயரின் உறை சுடர்விட்டு எரியச் சுற்றிலும் 100க்கு 29 பங்காவது பிராணவாயு வேண்டும். காற்றில் இருப்பதோ 21 பங்கு. அன்றியும் புகையின் அடர்த்தி 60 விழுக்காட்டையும், வெளிவரும் அமில வாயு உறைப்பொருளின் எடையில் 20 விழுக்காட்டையும் தாண்டலாகாது. சுண்ணப் பொடி முதலியவை உள்ளிருந்தே அமிலத்தை விழுங்கிக்கொள்ளும்படி இதைச் செய்கிறார்கள். இதனினும் உயர்ந்த வகை உப்பீனியே இல்லாத உறை. நான் முன் சொன்ன 'தண்ணீர்க் குடம்' அதில்தான் பயன்படுகிறது.

நல்லதற்குள் ஒரு நஞ்சு

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பல தீத்தடுப்புப் பொருள்கள் பிளாஸ்டிக்குடன் இரசாயனப் பிணைப்பால் சேர்ந்தவை அல்ல. வெறுமனே கலந்து நிற்பவை. ஆகவே நாளடைவில் அவை வெளிவந்து தூசியில் படிகின்றன. புரோமின் ஏறிய டைஃபினைல் ஈதர்கள் கொழுப்பில் தங்குபவை, எளிதில் சிதையாதவை. இந்தியாவின் பல ஊர்த் தாய்மார்களின் பாலில் இவை இருப்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

எச்சரிக்கை முன்பே வந்தது. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மாட்டுத் தீவனத்தில் சேர்க்க வேண்டிய மக்னீசியம் ஆக்சைடுக்குப் பதிலாகப் புரோமின் தீத்தடுப்புப் பொடி மூட்டைகள் தவறுதலாகக் கலந்துவிட்டன; பெயர்களில் இருந்த ஒற்றுமையும் அந்தத் தவற்றுக்குத் துணைநின்றது. ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் அழிக்க நேர்ந்தது. 1977இல் குழந்தைகளின் இரவு உடையில் சேர்த்த 'டிரிஸ்' என்னும் பொருள் மரபணுவைத் தாக்குவது என்று ஆர்லீன் பிளமும் புரூஸ் ஏம்ஸும் எழுதினர். அவ்வாண்டே அங்கு அதற்குத் தடை வந்தது. நம் நாடும் வாளாவிருக்கவில்லை. மின்னணுச் சாமான்களில் புரோமின் டைஃபினைல் ஈதர்கள் 1000க்கு ஒரு பங்கைத் தாண்டலாகாது என்ற விதி 2014இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் வெளியான விதிகள் இவ்வகைப் பொருள்கள் பலவற்றை அடியோடு தடுத்தன.

ஆனால் பழைய பொருள்கள் எங்கே போகும்? யமுனைக்கு அப்பால் சீலம்பூரில், உடைந்த கணினிகளையும் வயர்களையும் பிரித்தெடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. செம்புக்காகப் பி.வி.சி. உறையைத் திறந்தவெளியில் எரித்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. நமக்குச் சில நிமிடங்களை வாங்கித் தந்த பொருள், அதன் விலையை அவர்களிடம் வசூலிக்கிறது.

பழைய டெலிவிஷன் பெட்டியின் கறுப்புப் பிளாஸ்டிக் உருக்கப்பட்டுச் சமையல் கரண்டியாகவும் மறுபிறவி எடுப்பதுண்டு. இதைப் பற்றி 2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பெரும் பரபரப்பை எழுப்பிற்று. நாளொன்றுக்கு 34,700 நானோகிராம் உடலுக்குள் செல்லக்கூடும். பாதுகாப்பான எல்லையோ 42,000 என்றது அது. பின்னர் பார்த்தால் பெருக்கலில் பிழை! 60 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 7,000 வீதம் எல்லை 4,20,000. ஆய்வாளர்களே பிழையைத் திருத்தி வெளியிட்டனர். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவும் வேண்டும். கணக்கைச் சரிபார்க்கவும் வேண்டும். ஹீட்டர் கணக்கைப் போட்டுப் பார்க்காத நான் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

கடைவாயிலில்

அன்பர்களே, பிளாஸ்டிக்கை விட்டு நாம் வாழப் போவதில்லை. தீயும் நம்மை விட்டு அகலப் போவதில்லை. இரண்டுக்கும் இடையே இந்த இரசாயனம் ஓர் அணை. அணை வெள்ளத்தைத் தாமதப்படுத்தும், மழையை நிறுத்தாது. எங்கள் அறையில் தீயை மூட்ட இருந்தது பிளாஸ்டிக் அன்று. 6 ஆம்பியர் போர்டில் 8.7 ஆம்பியரை ஓட்டிய எங்கள் கவனக்குறைவே. அதற்கு மருந்து எந்த ஆலையிலும் செய்வதில்லை.

ஆகவே அடுத்த முறை வயரோ போர்டோ வாங்கும்போது அதன்மேல் அச்சிட்ட எழுத்துக்களைப் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள். மூடிய அறையில் வயர் இழுப்பதானால் புகை குறைந்த வகையைக் கேளுங்கள். வாசலை மறித்து அட்டைப் பெட்டிகளை அடுக்காதீர்கள். கிடைக்கும் சில நிமிடங்கள் அங்கேதான் வீணாகும். பழைய வயரைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள்.

வீட்டுக்காரர் சம்மதித்ததால், பொங்கலுக்கு மறுநாளே மின்பணியாளர் ஒருவர் வந்து ஹீட்டருக்கென்று தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தார். உருகிய அந்தப் பழைய போர்டை என் தோழன் மேசைமேல் வைத்திருக்கிறான். அறைக்கு வரும் நண்பர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் முதலில் சொல்வது புகையைப் பற்றித்தான்.